வக்காலத்தில் கையெழுத்து வாங்கும் முன்

தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி தொழில் நடத்த உரிமையுள்ளவர்கள் ஒரே வகையினர், அட்வகேட்டுகள். ஆனாலும் வழக்கறிஞர் அலுவலகங்கள் நிறைந்த தம்பு செட்டித் தெருவில் மாடியேறி வருகிறவர் "வக்கீல் சார் இருக்காரா?" என்றுதான் கேட்கிறார். சட்டம் கைவிட்ட பட்டத்தை ஊர் விடவில்லை. அந்தப் பட்டத்தின் பழைய பொருளை உங்களிடம் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது.

அரபியிலிருந்து பாரசீகம் வழியாக நமக்கு வந்த 'வக்கீல்', ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். கோர்ட்டே தேவையில்லை. 1792-ல் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைக் ஆங்கிலேய கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்த குலாம் அலி கான், திப்புவின் வக்கீல். (அந்தப் பிள்ளைகளை அப்புறம் நம் சென்னையில்தான் வைத்திருந்தார்கள்.) எசமானர் கொடுத்த அதிகாரம் எவ்வளவோ அவ்வளவுதான் வக்கீலின் பேச்சு.

1862-ல் உயர் நீதிமன்றம் வந்தபோது பாரிஸ்டர் (இங்கிலாந்தில் பட்டம் பெற்றவர்), அட்டர்னி (வழக்குக் காகிதங்களைத் தயாரிப்பவர்), வக்கீல் என்று வரிசை கட்டினார்கள். வக்கீலுக்குக் கடைசி இடம். கல்கத்தாவிலும் பம்பாயிலும் அசல் வழக்குப் பிரிவுக்குள் (மேல்முறையீடாக அல்லாமல் நேரடியாக உயர் நீதிமன்றத்திலேயே தொடுக்கும் வழக்குகள்) வக்கீல்களைச் சேர்க்கவில்லை; சென்னை சேர்த்துக்கொண்டது. 1889-ல் இங்கே வக்கீல்கள் தனியாகச் சங்கமே வைத்தார்கள். பாரிஸ்டர் பட்டமில்லாத வக்கீல் பாஷ்யம் ஐயங்கார் அரசின் தலைமை வழக்கறிஞரான அட்வகேட் ஜெனரல் பதவியில் தற்காலிகமாக உட்கார்ந்தார், அந்த நாற்காலியில் முதல் இந்தியர். உயர் நீதிமன்ற வளாகத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. இளம் வழக்கறிஞர்கள் எத்தனை பேர் நின்று பார்க்கிறார்களோ! 1926-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வக்கீல்களும் அட்வகேட் ஆனார்கள். இன்று அது வண்டிக் கண்ணாடியில் ஒட்டும் அளவுக்கு அந்தஸ்து.

அந்தஸ்து ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் 'பதிலாக நிற்பவர்' என்பது வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது வக்காலத்து ஒன்றுதான். தெருவில் "அவனுக்கு ஏன் வக்காலத்து வாங்குறே?" என்றால் கேட்காமலே பரிந்து பேசுவது. கோர்ட்டில் நேர் எதிர்: அது ஓர் அதிகாரப் பத்திரம், கட்சிக்காரர், அதாவது வழக்கை ஒப்படைப்பவர், கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் வழக்கறிஞர் அவருக்காகப் பேசவே முடியும். அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்படுகிறது? பெரும்பாலும் குமாஸ்தா ஒரு படிவத்தை நீட்டி, "இங்கே போடுங்க" என்று விரலால் காட்டுகிறார். நெருக்கி அச்சடித்த வரிகளுக்குள் சமரசம் செய்ய, வழக்கை வாபஸ் வாங்க, பணம் பெற்றுக்கொள்ள எல்லாம் அதிகாரம் இருக்கும். படித்துக் காட்டுகிறவர்கள் இல்லாமலில்லை, குறைவு.

கட்சிக்காரரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் அவருடைய உரிமையை வழக்கறிஞர் விட்டுக்கொடுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றமே 2015-ல் சொல்லியிருக்கிறது. பூந்தமல்லியிலோ தாம்பரத்திலோ பாகப்பிரிவினை வழக்குக்கு அலையும் ஒருவருக்கு அந்தத் தீர்ப்பு எங்கே தெரியப்போகிறது?

படிவத்தை மாற்றுவது நீதிமன்ற விதிகளின் பாடு, தெரியும். சமரசத்துக்கும் வாபஸுக்கும் தமிழில் தனி வரி, அதற்குத் தனிக் கையெழுத்து என்று நீங்கள் உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைக்கலாமே. அதுவரை, வழக்கறிஞர் பதிவு விழாவில் புதியவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: வக்காலத்தைப் படித்துக் காட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும், அதன் நகலைக் கட்சிக்காரர் கையில் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கட்சிக்காரர்,
சென்னை