மண்பாதையில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

நானும் உங்களில் ஒருவன்தான். வாரத்தில் மூன்று நாள் சைக்கிளில் போகிற அதே பூங்காப் பாதையில், மற்ற நாள்களில் அம்மாவோடு நடக்கிறேன். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் ஒரு வளைவில், பின்னாலிருந்து வந்த சைக்கிள் அம்மாவை உரசாத குறையாகக் கடந்தது. ஓட்டியவர் மணி அடித்தார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் வந்த பிறகு அடித்தார். திடுக்கிட்ட மனிதர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. அம்மா சைக்கிள் வந்த பக்கமே நகர்ந்தார். விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பாதைக்கு வர மாட்டேன் என்கிறார்.

நடப்பவருக்குச் சைக்கிள்தான் வழிவிட வேண்டும். வேகமும் எடையும் நம்மிடம் இருக்கின்றன, பிரேக்கும் நம் கையில்தான் இருக்கிறது. தூரத்திலேயே மணி அடியுங்கள். அவர் திரும்பிப் பார்க்கும்வரை வேகத்தைக் குறையுங்கள், நடக்கிற வேகத்துக்கு வந்தாலும் பரவாயில்லை. ‘பின்னால் இன்னும் இரண்டு பேர் வருகிறார்கள்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் பாதி வழியில் நடுவே வந்து நிற்க மாட்டார். ஒற்றையடிப் பாதையில் எதிரே சைக்கிள் வந்தால், இறங்குபவர் நின்று ஏறுபவருக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் ஒருமுறை கால் ஊன்றிவிட்டால் மறுபடி மிதிக்கத் தொடங்குவது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியாததா?

அப்புறம், மழை. இதில்தான் நாம் அதிகம் தவறு செய்கிறோம் என்று நினைக்கிறேன். மழை விட்டதும் மண்வாசனையில் ஓட்டுவது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஈர மண்ணில் பதிகிற டயர் தடம் அடுத்த மழையில் வாய்க்காலாகிவிடுகிறது. பாதையைக் குறுக்கே கடந்து சரிவில் இறங்க வேண்டிய தண்ணீர், அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பாதை நெடுக ஓடுகிறது. மேல்மண் போய்விடுகிறது, கல்லும் வேரும் தலைகாட்டுகின்றன. உடனே எல்லோரும் ஓரமாகப் போகத் தொடங்குகிறோம், புல் அழிந்து பாதை அகலமாகிறது. வெயிலில் இறுகிய தடத்தில் வயதானவர்களின் கால் மடங்குவதையும் பார்த்திருக்கிறேன்.

டயரில் சேறு அப்பிக்கொண்டு வந்தால் திரும்பிவிடுங்கள். ஓரிரு நாள் காயட்டும். பாதி வழியில் சிறு குட்டை வந்தால் சுற்றிப் போகாதீர்கள், நடுவாகவே மெதுவாகப் போங்கள். பாதையைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சுற்றிப் போகிறோம், கெடுவது அதனால்தான். இறக்கத்தில் பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்குவதும் கொண்டை ஊசி வளைவுகளைக் குறுக்கே வெட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

நடப்பவர்களிடமும் குறை உண்டு. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு நான்கு பேர் வரிசையாக நடப்பது, நாயை அவிழ்த்துவிடுவது எல்லாம். அதை அவர்களுக்குத் தனியாக எழுதுகிறேன். ஆனால் புகார் வந்தால் மூடப்படப்போவது நம் வழிதான். மலைப்பாதை சைக்கிள் ஓட்டிகளின் பன்னாட்டுச் சங்கமான இம்பா 1988இல் கலிபோர்னியாவில் தொடங்கியதே, பாதைகள் சைக்கிள்களுக்கு மூடப்பட்டு வந்ததால்தான். பாதுகாப்பாக ஓட்டுவதும் வழிவிடுவதும் அவர்களுடைய விதிகளிலேயே இருக்கின்றன. யாரோ நம்மேல் திணித்ததில்லை, நம்மைப் போன்றவர்களே எழுதிக்கொண்டது.

அம்மாவிடம் பேசிப் பேசி ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு காலை அந்த வளைவுப் பக்கம் நடப்போம். எங்களைப் பார்த்தால் தூரத்திலேயே மணி அடியுங்கள். முடிந்தால் அவருடைய வலப்பக்கமாக வாருங்கள், இடது காது அவருக்குச் சரியாகக் கேட்காது.

அன்புடன்,
உங்களோடு ஓட்டும் ஒருவன்