டீமைக் கலைக்கச் சொன்ன மகனுக்கு

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கே செஷல்ஸில், விக்டோரியாவில் எல்லோரும் நலம். ஐவரி கோஸ்ட்டிடம் நம் செஷல்ஸ் கால்பந்து அணி 7-0 என்று தோற்ற அன்று, "இந்த டீமைக் கலைச்சிடலாம்பா, அசிங்கமா இருக்கு" என்றாய். போனில் பேசி முடிகிற விஷயம் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

கணக்கு எனக்கும் தெரியும். 2026 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 10 ஆட்டம், பத்திலும் தோல்வி. போட்டது 2 கோல், வாங்கியது 53. ஆனால் யாரோடு மோதினோம் என்று பார். 2023 நவம்பரில் நம்மை 9-0 என்று அடித்த ஐவரி கோஸ்ட், மூன்றே மாதத்தில் ஆப்பிரிக்கக் கோப்பையையே ஜெயித்தது.

நம் கடைக்குச் சரக்கு இறக்க வரும் பையன் ஒருவன் இங்கே லீகில் ஆடுகிறான். பகலெல்லாம் அரிசி மூட்டை, சாயங்காலம் பயிற்சி. போன வாரம் கணுக்கால் வீங்கியிருந்தது. துணியை இறுக்கிச் சுற்றிக்கொண்டு மூட்டை தூக்கினான். லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும். இப்படிப்பட்ட பையன்களிலிருந்துதான் ஒரு தேசிய அணியைத் திரட்ட வேண்டியிருக்கிறது. மொத்த ஜனமே சுமார் ஒன்றேகால் லட்சம்தான் உள்ள நாடு இது.

இதைவிட எனக்கு வலிப்பது இன்னொன்று. அந்த 9-0 முடிந்த மூன்றாம் நாள் கென்யாவோடு ஆட்டம். பேருக்கு அது நம் சொந்த மண் ஆட்டம், நடந்ததோ ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில். 2025 அக்டோபரில் ஐவரி கோஸ்ட்டை நாம் வரவேற்று ஆட வேண்டிய அந்த 7-0 ஆட்டத்தை மொரீஷியஸில் ஆடினோம். இங்குள்ள நம் ரோச் கைமான் மைதானம் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு கேட்கும் தரத்தில் இல்லாததுதான் காரணம். 2011-இல் இந்தியப் பெருங்கடல் தீவுகள் விளையாட்டில் மொரீஷியஸைப் பெனால்டியில் வென்று தங்கம் வாங்கியது அதே மைதானத்தில்தானே! நீ கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "என்னாச்சு, என்னாச்சு" என்று என்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாய். அந்தக் கூச்சல் இல்லாமல் நம் பிள்ளைகள் எப்படி ஆடுவார்கள்?

சம பலத்தோடு மோதவிட்டால் நாம் சளைத்தவர்கள் இல்லை. 2021-இல் கொழும்பில் நான்கு நாடுகள் போட்டியின் இறுதியில் இலங்கையோடு 3-3. அப்புறம் பெனால்டியில் கோப்பை நமக்கு. அந்த மாதிரி ஆட்டங்கள் வருஷத்துக்கு நாலைந்தாவது கிடைக்க வேண்டும். கலைப்பதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நாம் 7 கோல் வாங்கிய அதே வாரத்தில் கேப் வெர்டே உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதுவும் குட்டித் தீவு நாடுதான், ஐந்தரை லட்சம் பேர்கூட இருக்க மாட்டார்கள். வெளிநாட்டில் பிறந்த தங்கள் பிள்ளைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். டப்ளினில் பிறந்த ரொபெர்ட்டோ லோப்பஸை லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்பு இணையதளத்தில் செய்தி அனுப்பிக் கூப்பிட்டார்கள்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேரன் அங்கே பெர்த்தில் கிளப்பில் நன்றாக ஆடுகிறான் என்கிறாய். அவனுக்குச் செஷல்ஸ் பாஸ்போர்ட் எடுத்து வைப்போம். பிறப்புச் சான்றிதழின் நகலை அனுப்பு, குடியேற்ற அலுவலகத்துக்கு நானே போய் என்னென்ன தேவை என்று கேட்டு வருகிறேன். அவன் இங்கே வந்து ஆடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அவனுக்கு ஆசை வந்தால் காகிதம் இல்லாமல் நிற்கக் கூடாது. இந்த மாதத்துக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா