இஸ்தோப்பில் ஒரு சோலார் பெனல்: மின்சார அதிகாரிகளுக்குத் திறந்த மடல்

இலங்கையின் மின்சார விதிகளை வகுக்கும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மாதப் பாவனை 60 யூனிட்டைத் தாண்டினால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு யூனிட் கூடினாலும் முதல் யூனிட்டிலிருந்தே விலை மாறும், நிலையான கட்டணமும் ஏறும். அதனால் மாதக் கடைசியில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், மீட்டர்தான் துரை. 55ஐத் தொட்டதும் ஃப்ரிட்ஜ் வயரைக் கழற்றுவோம். அயர்ன் பெட்டி அலுமாரிக்குள் போகும். பிள்ளையின் வெள்ளைச் சீருடையை மடித்து மெத்தைக்கடியில் வைத்து, ராத்திரி அதன் மேலேயே படுக்க வைக்கிறோம். மழைக்காலத்தில் காலையிலும் அது ஈரமாகத்தான் இருக்கும்.

இதற்காகத்தான் சோலார் கேட்டுப் போனேன். கவுண்டரில் இருந்தவர் முதலில் கேட்டது, "வீட்டு உறுதி கொண்டுவந்தீங்களா?" 200 வருடமாக எங்களுக்குக் கிடைக்காத உரிமைப் பத்திரம் அது! லயத்துக் கூரையோ எல்லோருக்கும் பொதுவான தகரம்.

ஆகவே கூரையை விடுங்கள். இஸ்தோப்பு என்னும் எங்கள் முன்திண்ணைக்கு முன்னால் சாய்த்துவைத்து, சாதாரண பிளக்கில் செருகும் சிறிய பெனலுக்கு உறுதி கேட்காமல் அனுமதி தாருங்கள். ஜேர்மனியில் வாடகைக்கு இருப்பவர்களே பல்கனியில் மாட்டுகிறார்கள். 2024 முதல், பெனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர் 800 வாட்டைத் தாண்டாவிட்டால், இணையத்தில் பதிந்தால் போதும். லைனில் கரண்ட் போனால் தரமான இன்வேர்ட்டர் தானாக நின்றுவிடும், கம்பத்தில் ஏறும் தம்பிமாருக்கு ஆபத்தில்லை. ஜூன், ஜூலைப் பனிமூட்டத்தில் பெனல் என்ன கிழிக்கும் என்பதும் தெரியும். ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை 400 வாட் பெனல் ஒன்று நாளுக்கு ஒரு யூனிட்டாவது தரும். பகலில் ஃப்ரிட்ஜ் ஓட அது காணும். மிச்சத்தைக் காசில்லாமலே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வெளியே லைனுக்குப் போகும் மின்சாரத்தையும் நாங்கள் பாவித்ததாக எண்ணும் மீட்டர்கள் இருக்கின்றன, அவற்றை மட்டும் மாற்றித் தாருங்கள்.

2025 சித்திரைப் புத்தாண்டுக்குப் பகல் மின்சாரம் மிஞ்சுகிறதென்று கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கச் சொன்னார்களே, அப்படி ஒரு நாள் வந்தால் எங்களுக்கு வேலை லேசு. பிளக்கைப் பிடுங்கினால் சரி.

காசல்ரீ, மவுசாக்கலை, மேல் கொத்மலை என்று எங்கள் மலைத் தண்ணீரில் நாடு விளக்கேற்றுகிறது. அந்தத் தண்ணீருக்கு யாரும் எங்களிடம் உறுதி கேட்டதில்லை.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். லயத்துப் பழைய வயரிங்கைப் பரிசோதியுங்கள், சான்றிதழ் கேளுங்கள், பதிவுக் கட்டணமும் வாங்குங்கள். உறுதி மட்டும் கேட்காதீர்கள். பதிலைத் தயவுசெய்து தமிழிலும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மின் பாவனையாளர்