கோத்தகிரியிலிருந்து வசந்திக்கு

கோத்தகிரி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை விட்டபாடில்லை. நாம் ஒட்டகம் என்று பட்டப்பெயர் வைத்தோமே, அந்தத் தோழிக்கு வேலை மாற்றல் வந்துவிட்டது, அதுவும் அவளுக்குப் பிடித்த ஊருக்கே! விவரம் அவளே சொல்வாள், நான் கெடுக்க மாட்டேன்.

நேற்றுத்தான் போனில் பேசினோம். ஆனாலும் மனசு ஆறவில்லை, எழுதுகிறேன். உன் போனின் பின்மூடி ஓரம் எழும்பி நிற்கிறது, பேட்டரி உப்பியிருக்கிறது, ஊசியால் குத்திக் காற்றை இறக்கிவிடலாம் என்கிறார் அண்ணன் என்று நீ சிரித்துக்கொண்டே சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லைடி. ஊசி அந்தப் பக்கமே போகக் கூடாது என்று நான் சொன்னதாகவே அவரிடம் சொல். அது சைக்கிள் டியூப் இல்லை. உள்ளே இரண்டு மெல்லிய தகடுகள், நடுவில் ஒரு படலம் மட்டும். ஊசி பட்டுப் படலம் கிழிந்தால் தகடுகள் ஒன்றோடு ஒன்று தொட்டுவிடும். அப்புறம் புகை, தீதான்.

பேட்டரி பழசாக ஆக உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகிறது. பை மூடியிருப்பதால் வெளியேற வழியில்லை, உப்புகிறது. வெயிலும், ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு நூறிலேயே வைத்திருப்பதும் அதைச் சீக்கிரம் கொண்டுவரும். பாளையங்கோட்டை வெயில், ஜன்னலோர ஸ்விட்ச் போர்டு, இரண்டுமே உன்னிடம் இருக்கிறது. போனை இப்போதே ஆஃப் செய். சார்ஜ் போடாதே. மண் போட்ட சட்டியில் வைத்து, கட்டில், துணி எதுவும் பக்கத்தில் இல்லாத இடமாகப் பார்த்து வை. என்னிடம் கொடுத்தால் மாற்றித் தருவேன் என்று கூரியரில் அனுப்பிவிடாதே, வழியில் எங்கே பற்றும் என்று யாருக்குத் தெரியும்? கையோடு கடைக்கு எடுத்துப் போய், பேட்டரி உப்பியிருப்பதைச் சொல்லிவிட்டுக் கொடு. உப்பிய பேட்டரியை எடுப்பது மட்டும் வீட்டு வேலை இல்லை.

மற்றதெல்லாம் வீட்டு வேலைதான். "கடையில் கொடுத்தால் ஆச்சு, உனக்கெதுக்குடி ஸ்க்ரூடிரைவர்?" என்று கேட்டாய் இல்லையா, அதற்குப் பதில் இது. உனக்குக் கடை தெருமுனையில். எங்களுக்கு மேட்டுப்பாளையமே 33 கிலோமீட்டர், அப்புறம் கோவை. கொடுக்க ஒருமுறை இறங்கணும், வாங்க ஒருமுறை இறங்கணும். மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

என் லேப்டாப் ஆன் ஆகியும் திரையில் எதுவும் வராமல் நின்றதே, அதைக் கோவையில் ஒரு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சு மேடம், புதுசு வாங்கறதே மேல்" என்றார்கள். போர்டு என்றால் உள்ளே பாகங்கள் எல்லாம் உட்காரும் மெயின் பலகை. திருப்பி எடுத்து வந்து சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டேன். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றின ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டினேன். நீளமும் குட்டையும் கலந்து வரும். குட்டை இருக்க வேண்டிய துளையில் நீளத்தை முறுக்கினால் போர்டு கெட்டுவிடும். ஒரு ஸ்க்ரூ ரப்பர் கால் அடியில் ஒளிந்திருந்தது. பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் விட்டு நகர்த்த, டக் டக்கென்று மூடி விட்டுக்கொடுத்தது. முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிடுங்கினேன். ராம் என்கிற குட்டி நினைவகப் பலகையைக் கழற்றிப் பார்த்தால் அந்தத் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படிவு. ஜூனிலிருந்து வீட்டுக்குள்ளேயே மேகம் வந்து உட்காருகிற ஊர், வேறென்ன ஆகும்? பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளை பிரஷ்ஷால் தட்டி, திரும்பச் செருகினேன். திரை வந்துவிட்டது. போர்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை வசந்தி! எத்தனை பேர் அந்த வார்த்தையை நம்பிப் பணத்தைக் கொட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

சார்ஜ் ஏறவில்லை என்று வருகிற போன்களில் பாதிக்கு மேல் சார்ஜர் செருகும் துளையில் பஞ்சு அடைத்திருக்கும். ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் எடுத்தால் சரியாகிவிடும். சேஃப்டி பின் ஆகாது. நீ தண்ணீரில் விழுந்த போனை அரிசி டிரம்மில் புதைத்தாயே, அதுவும் ஆகாது. அரிசி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுக்காது, மாவுதான் உள்ளே போகும். ஆப்பிள்காரனே 2024-இல் அரிசியில் போடாதீர்கள் என்று எழுதிவிட்டான்.

இப்போது என் மேஜையில் இருப்பதெல்லாம் அரசு இலவச லேப்டாப்கள். 2011-இல் ஆரம்பித்துக் கொடுத்தார்களே, அவைதான். பக்கத்து ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) வீட்டுக்கு ஒன்று பீரோ மேல் தூசியோடு கிடக்கிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தைப் போட்டு, ஃபேனைச் சுத்தம் செய்து, பிராசசரின் சூட்டைக் கடத்தும், காய்ந்துபோன பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் தம்பி தங்கைகள் பாடம் படிக்கத் தாராளமாகப் போதும். தேயிலை பறிக்கப் போகிற வீட்டில் புது லேப்டாப் வாங்க எங்கே போவார்கள்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் வழியில் குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலைப் பிடுங்கி வைக்கிறார்கள், சரியான வேலை. செத்த போனும் லேப்டாப்பும் பள்ளத்தில் விழுவதை யார் பிடுங்குவது?

கம்பெனிகள்மேல்தான் என் கோபம் முழுக்க. நம் பழைய நோக்கியாவில் பின்மூடியை நகத்தால் தள்ளிப் பேட்டரியை மாற்றினோம். இன்றைக்குப் பசை போட்டு ஒட்டிவிட்டு, பசையைச் சூடாக்கி இளக்கும் ஹீட் கன் இல்லாமல் திறக்காதே என்கிறான். ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து பேட்டரியை வாங்கினவரே மாற்றிக்கொள்ளும்படி இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நம் அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளம் திறந்தது. ஆனால் தளம் போதாது, சட்டம் வேண்டும். காசு கொடுத்து வாங்கின பொருள் நம்முடையது. திறந்து பார்க்க யாரிடமும் அனுமதி கேட்கக் கூடாது.

மே மாதம் வருகிறாய் அல்லவா? உன் மகளின் பழைய லேப்டாப்பைக் கொண்டு வா, அவளையும் கூட்டி வா. அவள் கையாலேயே திறக்கட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன். சார்ஜரை மறந்துவிடாதே. இங்கே அந்த மாடலுக்குக் கிடைக்காது.

அன்புடன்,
செல்வி