‘குறிப்புக்கு மட்டும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

மலேசியப் பொதுப்பணி அமைச்சின் அதிகாரிகளுக்கும் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தாருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரின் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். கட்டிடங்களின் கணினி மாடல் கோப்போடு ஒட்டிவரும் ஒரு வரியைப் பற்றிய மடல் இது. அப்பா இங்குள்ள ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். நான் 1996-இல் ஈப்போ சாலையில் ஒரு சிறிய அலுவலகத்தில் டிராயிங் போடும் பையனாகச் சேர்ந்தேன். இன்று கோலாலம்பூரின் உயர்மாடிக் கட்டிடங்களில் எம் அண்ட் இ, அதாவது இயந்திர, மின்சார வேலைகளின் ஒருங்கிணைப்பாளன். குளிர்நீர்க் குழாய், மின்கம்பித் தட்டு, காற்று டக்ட், தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் எல்லாம் ஒரே கூரை இடுக்குக்குள் சண்டை போடாமல் போகிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு.

அந்தக் காலத்திலும் இந்த வேலை இருந்தது. வெளிச்சப் பெட்டி பொருத்திய மேசையில் கட்டமைப்பு டிராயிங்கை வைப்போம். அதன் மேல் குழாய் டிராயிங், அதற்கும் மேல் மின்சார டிராயிங். மூன்று டிரேசிங் தாள்களும் ஊடுருவித் தெரியும். கோடும் கோடும் முட்டும் இடத்தில் சிவப்புப் பென்சிலால் வட்டம் போடுவோம். பக்கத்து அறையில் பிரிண்ட் போடும் இயந்திரத்தின் அம்மோனியா நாற்றம் மதியச் சோறு வரை மூக்கிலேயே நிற்கும். இப்போது ‘கிளாஷ்’ பார்ப்பது என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதன் பாட்டி அந்த மேசைதான். ஆனால் அந்த மேசைக்கு உயரம் தெரியாது. கோடு முட்டுகிறது என்று காட்டும். குழாய் பீம் என்னும் உத்திரத்துக்குக் கீழே போகிறதா, பீமின் வயிற்றுக்குள் போகிறதா என்பதை மனத்தில்தான் கட்டிப் பார்க்க வேண்டும்.

பிம் அந்தக் குறையைத் தீர்த்தது. கட்டிடத் தகவல் மாதிரி என்று தமிழில் சொல்லலாம். சைட்டில் எல்லாரும் சொல்வது ‘மாடல்’தான். சுவர், தூண், குழாய், வால்வு ஒவ்வொன்றும் அதில் தன் அளவையும் பொருளையும் தானே சுமந்திருக்கிறது. ஒன்றை நகர்த்தினால் அதைக் காட்டும் தரைப்படமும் குறுக்குவெட்டும் சேர்ந்தே மாறும். 2019 முதல் 10 கோடி வெள்ளிக்கு (ரிங்கிட்) மேற்பட்ட அரசாங்கத் திட்டங்களில் இது கட்டாயம் என்று நீங்கள் வைத்தபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சிங்கப்பூர் 2013-இல் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டிடங்களில் தொடங்கி, 2015-இல் 5,000 சதுர மீட்டருக்கு இறங்கியது. அவர்கள் பரப்பால் அளந்தார்கள், நாம் பணத்தால் அளக்கிறோம். சிக்கல் மிகுந்த சிறிய கட்டிடம் ஒன்று பெரிய கிடங்கைவிட மாடலுக்கு ஏங்கும் என்பது என் கருத்து. அது வேறு மடலுக்கான விஷயம்.

இந்த மடல் ஒரே ஒரு வரியைப் பற்றியது. மாடல் கோப்பு எங்கள் கைக்கு வரும்போது கூடவே அநேகமாக அந்த வரியும் வருகிறது: “இந்த மாடல் குறிப்புக்கு மட்டும். முரண்பாடு இருப்பின் கையெழுத்திட்ட டிராயிங்கே செல்லும்.”

அந்த வரி என்ன செய்யும் என்று ஒரு நடந்த கதையைச் சொல்கிறேன். கட்டிடத்தின் பெயரும் நிறுவனங்களின் பெயரும் வேண்டாம். நகரின் நடுவே ஒரு கோபுரம், அதன் கீழ்த்தளக் கார் நிறுத்துமிடம். இயந்திர அறையிலிருந்து வெளியேறும் குளிர்நீர்க் குழாய் ஒரு பெரிய பீமைத் தாண்ட வேண்டும். கான்கிரீட் ஊற்றும் முன்பே பீமுக்குள் ஸ்லீவ், அதாவது குழாய் நுழைய ஓட்டை விடும் உறை, வைத்துவிட்டால் குழாய் நேராக நுழைந்து போய்விடும். செவ்வாய்தோறும் மாடலைத் திரையில் போட்டுச் சுற்றி உட்காருவோம். ஒரு செவ்வாயன்று ஸ்லீவை நானூறு மில்லிமீட்டர் இடப்பக்கம் நகர்த்தினோம். கட்டமைப்புப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். மாடலில் மாற்றமும் ஏறியது. ஆனால் சைட்டுக்குப் போன ஏ1 தாள் அதற்கு முந்தைய ரிவிஷன். புதியது கையெழுத்துக்காக யாரோ ஒருவரின் மேசையில் காத்துக்கிடந்தது. கம்பி கட்டுகிறவர்கள் தாளைப் பார்த்து ஸ்லீவை வைத்தார்கள். மறுநாள் கான்கிரீட் ஊற்றியாகிவிட்டது.

குழாய் பொருத்த வந்தவர் கிள்ளானைச் சேர்ந்த துணைக் குத்தகையாளர். தமிழர், வாரியத்தில் ஜி3 என்னும் சிறு குத்தகையாளர் பதிவு, கூட எட்டு ஆட்கள். குழாயைத் தூக்கிப் பார்த்தால் ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. கோரிங் போட்டுத் துளைக்கலாமா என்று கேட்டோம். பீமுக்குள் இருக்கும் கம்பி அறுபடும், முடியாது என்றார் பொறியாளர். அவர் சொன்னது சரி. கடைசியில் நான்கு எல்போ வளைவுகள் போட்டுக் குழாயைப் பீமுக்கு அடியில் இறக்கினோம். அந்த இடத்தில் கூரை தாழ்ந்தது. உயரமான வேன் எதுவும் அந்தப் பக்கம் போகாதபடி மஞ்சள் தடுப்புக் கம்பி ஒன்று இன்றும் தொங்குகிறது.

கூடுதல் வேலைக்கு அவர் வி.ஓ., அதாவது கூடுதல் பணம் தரும் மாற்ற ஆணை, கேட்டார். டிராயிங்படிதானே ஸ்லீவ் இருக்கிறது, குழாயை ஏன் மாடலைப் பார்த்துச் செய்தாய் என்றது மேலிருந்து வந்த பதில். மாடலைப் பார்த்துத்தான் குழாயை முன்கூட்டியே வெட்டித் தயார் செய்யச் சொன்னார்கள் என்றார் அவர். அது குறிப்புக்கு மட்டும் என்றார்கள். 2012-ஆம் ஆண்டுக் கட்டுமானக் கட்டணச் சட்டத்தின் கீழ் நடுவரிடம் போகலாம் என்று நான் சொன்னேன். போனால் அடுத்த வேலை யார் கொடுப்பார்கள் என்று கேட்டார். கையில் சுருட்டிய தாளோடு அவர் சொன்ன இன்னொன்றும் நினைவில் நிற்கிறது. “அண்ணே, கம்ப்யூட்டர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கு. கான்கிரீட்டுக்கு அது தெரியலையே.”

இதில் யாரும் அயோக்கியர் இல்லை. ஆலோசகர்கள் ஏன் அந்த வரியைப் போடுகிறார்கள் என்பது எனக்குப் புரிகிறது. சாலை, வடிகால், கட்டிடச் சட்டம் 1974-ஆம் ஆண்டினது. தாளில் கோடு போட்டுக் கையெழுத்திட்ட உலகுக்கு எழுதப்பட்டது. பொறியாளர் கையெழுத்திடுவது தாளில். அவர் தலைக்கு வரும் பொறுப்பும் அந்தத் தாளுக்குத்தான். நாளைக்கு யாரோ மாடலிலிருந்து தவறாக அளவெடுத்தால் தன்மேல் வழக்கு வரும் என்று அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்தை எல்லாம் ஒரே வரியில் அடைத்துக் கீழே தள்ளிவிடுகிறார்கள். தள்ளியது போய் விழும் இடம், கிள்ளான்காரரைப் போன்ற கடைசிப் படிதான். முதன்மைக் குத்தகையாளரிடம் வழக்கறிஞர் உண்டு, ஆலோசகரிடம் காப்புறுதி உண்டு, எட்டு ஆள் வைத்திருப்பவரிடம் ஒரு லாரிதான் உண்டு.

ஆகவே என் வேண்டுகோள் இது. உங்கள் திட்டங்களின் ஒப்பந்தத்தில், எந்த ஆவணம் எதை வெல்லும் என்ற வரிசையில் மாடலுக்கும் ஓர் இடம் கொடுங்கள். முழு மாடலுக்கும் வேண்டாம். ஒருங்கிணைப்பு முடிந்து, எல்லாத் தரப்பும் ஒப்புக்கொண்டு, தேதியிட்டுப் பூட்டப்பட்ட பகுதிகளுக்கு மட்டும் போதும். அப்படிப் பூட்டிய பகுதியிலிருந்து எடுத்த தாள் சைட்டை எட்டும் வரை அங்கே கான்கிரீட் ஊற்றக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். ஐஎஸ்ஓ 19650 தரநிலை கோப்புகளுக்கு ‘பணி நடக்கிறது’, ‘பகிரப்பட்டது’, ‘வெளியிடப்பட்டது’ என்று நிலைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. வெளியிடப்பட்ட நிலைக்கு வந்த ஒன்றை ‘குறிப்புக்கு மட்டும்’ என்பது எனக்கு விளங்கவே இல்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். என் வீட்டுப் பக்கம் செந்தூல் பாராட் நிலையத்தைக் கடந்து போகும் எம்ஆர்டி ரயிலின் புத்ராஜெயா தடம், 57.7 கிலோமீட்டர், பிம் கொண்டே திட்டமிடப்பட்டது. 2023 மார்ச் 16-இல் முழுத் தடமும் திறந்தபோது முதல் நாளே ஏறிப் போனேன். பேத்தி சன்னலைப் பார்த்தாள், நான் கூரையில் கேபிள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

இன்னொன்றும் உண்டு. மாடல் யார் கைக்குப் போகிறது என்பதையும் கேளுங்கள். மாடல் செய்யும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா ஓர் இருக்கைக்கே பல ஆயிரம் வெள்ளி. ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் நிரந்தர உரிமத்தை, அத்தகைய மென்பொருளைச் செய்யும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2016-லேயே விற்பதை நிறுத்திவிட்டது. ஜி3 குத்தகையாளர் அதை வாங்க மாட்டார், வாங்கவும் தேவையில்லை. ஐஎஃப்சி என்னும் பொதுக் கோப்பு வடிவத்தில் கொடுத்தால் இலவசச் செயலியிலேயே திறந்து பார்க்கலாம். ஒரு டேப்லட் போதும். அந்தக் கோபுரத்தில் பிறகு ஒரு தளத்துக்கு நானே டேப்லட்டை எடுத்துப் போனேன். வங்காளதேசத்துத் தம்பி ஒருவர். மலாய் பாதிதான் வரும், டிராயிங்கில் குறுக்குவெட்டு படிக்கத் தெரியாது. மாடலைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன். இரண்டு நிமிடத்தில் தலையாட்டிவிட்டு, எந்தத் தாங்கியை முதலில் அடிக்க வேண்டும் என்று அவரே விரலால் காட்டினார். நம் சைட்டில் வங்காளி, இந்தோனேசியர், மியன்மார்க்காரர், நேப்பாளி எல்லாரும் நிற்கிறார்கள். மண்டோர் என்னும் மேற்பார்வையாளர் கத்திக் கத்திச் சொல்வதைவிட அந்தப் படம் வேகமாகச் சொல்கிறது. அதை யாருக்காகக் கட்டாயமாக்கினீர்களோ அவர்கள் குளிர் அறையிலேயே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டிடம் கைமாறும் நாளைப் பற்றியும் ஒரு சொல். வால்வு எங்கே இருக்கிறது என்று பத்து ஆண்டு கழித்துத் தேடப்போகிறவர் பராமரிப்புப் பணியாளர். நான் பார்த்த பல இடங்களில் அவருக்கு மாடல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போகிறது, ஹார்ட் டிஸ்க் அலமாரிக்குப் போகிறது. கட்டியபடியான மாடலைத் திறந்து ஒரு வால்வைத் தேடிக் காட்டினால்தான் கடைசித் தவணைப் பணம் என்று வைத்தால் என்ன?

பண வரம்பு கீழே இறங்க இறங்க, இந்த வரி இன்னும் சிறிய ஆட்களின் தலையில் விழும். பூட்டிய மாடலுக்கு ஒப்பந்தத்தில் இடம் கொடுக்கும் வாசகத்தை ஒரே ஒரு டெண்டரிலாவது எழுதிப் பாருங்கள். எழுதும் முன் எந்தச் செவ்வாயாவது ஒரு சைட் கூட்டத்துக்கு வந்து உட்காருங்கள். முடிந்ததும் கீழ்த்தளத்துக்கு உங்களை நானே கூட்டிப் போகிறேன். ஹெல்மெட் என்னிடம் கூடுதலாக இருக்கிறது.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஓர் எம் அண்ட் இ ஒருங்கிணைப்பாளன்