தாவுமேடை கட்டித் தந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

ரிமோட் கார்கள் தாவுவதற்கென நாம் கட்டிய மேடை ஒருவழியாகத் தயாராகிவிட்டது. கைகொடுத்த ஒவ்வொருவருக்கும் நேரில் சொன்ன நன்றி போதாது என்று தோன்றியதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் மேடையை யாரையும் கேட்காமல் நானே செய்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. ஒரு பலகையைச் செங்கற்களின் மேல் சாய்த்து வைத்ததைத்தான் மேடை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தரையும் பலகையும் சேரும் முனையில் பின்சக்கரங்கள் மோதி, அங்கே அமுங்கிய பின்புற ஷாக் அப்சார்பர்கள் மேடையின் விளிம்பைக் கடக்கும் நேரத்தில் விரிந்து வாலை உதைத்துத் தள்ளியதால், கார் ஒவ்வொரு முறையும் மூக்குக் குப்புற விழுந்தது. தம் 1/10 அளவு (நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு) பக்கி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும் வகைக் காரைச் சோதனைக்குத் தந்த தம்பிக்கு, அதன் முன்சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் கை அப்படித்தான் ஒடிந்தது. அவர் முகம் சுளிக்காமல் புதிய கையைப் பொருத்திக்கொண்டு மறுவாரமே வந்து நின்றார். அந்தப் பொறுமைக்கு முதல் நன்றி.

சரிவு நேர்க்கோடாக இருக்கக் கூடாது, வளைவாக எழ வேண்டும் என்று சொன்னவர் இயற்பியல் ஆசிரியர். 1.2 மீட்டர் நீளத்தில் வளைந்து முடிவில் 20 பாகை கோணத்தை எட்ட வேண்டுமானால் வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 3.44 மீட்டர், விளிம்பின் உயரம் 21 சென்டிமீட்டர் என்று ஒரு தாளின் பின்புறத்திலேயே கணக்கிட்டுத் தந்தார். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுமார் 4.5 மீட்டர் தாவும் என்பதும் அவர் கணக்கே. காற்றின் தடையால் கார் சற்று முன்னதாகவே இறங்கியது. கார் வந்து இறங்குவதற்கென வைத்த சரிவை அரை மீட்டர் மேடைப் பக்கமாக நகர்த்திக்கொண்டோம்.

அவ்வளவு பெரிய வட்டத்தை நூல் கட்டி வரைய முயன்றேன். இழுத்த இழுப்புக்கு நூல் நீண்டு, கோடு அலைபாய்ந்தது. தச்சர் ஐயா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நீண்ட மரச்சட்டம் ஒன்றை எடுத்து வந்தார். ஒரு முனையில் ஆணி அடித்துத் தரையில் நிறுத்தி, மறுமுனையில் துளையிட்டுப் பென்சிலைச் செருகி, ஒரே வீச்சில் வளைவை வரைந்தார். 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் மூன்று விலாச்சட்டங்கள் அறுத்ததும், அவற்றின் மேல் 6 மில்லிமீட்டர் பலகையை மேல்நார் (மேற்பரப்பில் தெரியும் மரநார்) குறுக்காக ஓடும்படி வைத்து வளைத்ததும் அவர் கைவேலைதான். நான் வைத்தபடி நார் நீளவாக்கில் இருந்திருந்தால் பலகை முரண்டுபிடித்திருக்கும். திருகுத் தலைகள் டயரைக் கிழிக்காதபடி ஒவ்வொன்றையும் பலகைக்குள் புதைத்தார். நுழைமுனையில் 6 மில்லிமீட்டர் படி நிற்காமல் தகரம் வைத்து மூடினார்.

ஈரப் பெயின்ட்டின் மேல் சலித்த மணல் தூவியவர்களுக்கும், ரம்பச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி.

வளைவினால் மூக்குக் கவிழ்வது வெகுவாகக் குறைந்ததே தவிர, அறவே நின்றுவிடவில்லை. மீதியைக் கையால் திருத்தலாம் என்று காட்டியவர் எங்களில் மூத்த ஓட்டுநரான அக்கா. அந்தரத்தில் வேகம் கூட்டினால் மூக்கு நிமிரும், பிரேக் பிடித்தால் தாழும் என்று அவர் சொன்னதை நான் நம்பவில்லை. என் கன்ட்ரோலரை வாங்கி இரண்டே தாவலில் நிரூபித்தார். பயந்து விசையிலிருந்து விரலை எடுப்பதுதான் இத்தனை நாளும் நான் செய்த தவறு.

தச்சர் ஐயாவுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மரச்சட்டம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பென்சில் துளையோடு அப்படியே வரும் ஞாயிறு கொண்டுவந்து தருகிறேன்.

நன்றியுடன்,
செங்கல் மேடை கட்டியவன்