எட்வர்ட் தாமஸ் வாசிப்பு: ஏப்ரல் 9

வகுப்புத் தோழர்களுக்கு வணக்கம். இம்மாத வாசிப்பு ஆங்கிலக் கவிஞர் எட்வர்ட் தாமஸ் நினைவு நாளான ஏப்ரல் 9, இரவு 8 மணிக்கு, ஜூமில்.

லண்டனில் 1878-இல் பிறந்தவர். பிழைப்புக்காக இயற்கை நூல்களும் மதிப்புரைகளும் ஓயாமல் எழுதினார். அமெரிக்கக் கவிஞர் ராபர்ட் ஃப்ராஸ்ட் தூண்ட, 36 வயதில்தான் கவிதைக்கு வந்தார். சுமார் 140 கவிதைகள். முதல் உலகப் போரில், 1917-இல் பிரான்சின் அராஸ் போர்முனையில் உயிர் போயிற்று. நினைத்தாலே மனம் கனக்கிறது.

1. அவருடைய 'ஆடில்ஸ்ட்ராப்' (ஓர் ஆங்கிலக் கிராமத்து ரயில் நிலையத்தின் பெயர்) கவிதையைப் படித்துவிட்டு வாருங்கள், 16 வரிதான். ரயில் நிற்கிறது, யாரோ தொண்டையைச் செருமுகிறார், யாரும் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒரு பறவை பாடுகிறது. வாய்விட்டுப் படித்தால்தான் அந்த அமைதி பிடிபடும்.
2. வேறு கவிதை வாசிப்போர் பெயர் தாருங்கள். ஆளுக்கு 5 நிமிடம்.
3. வருவீர்களா என்று 5-ஆம் தேதிக்குள் இங்கேயே சொல்லிவிடுங்கள்.